சாப்பாட்டு ராமனும் அப்பாவின் கால் விரலும்

பி.காம். படித்தவனுக்கும் உயிரியலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சம்பந்தமும் கிடையாது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இதயத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறித்தேன். திருத்தியவர் அதை மாம்பழம் என்று நினைத்தாரோ என்னவோ, போனால் போகிறதென்று இரண்டு மார்க் போட்டார். அத்தோடு அந்த சப்ஜெக்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, டெபிட் - கிரெடிட் பக்கம் ஓடி வந்துவிட்டேன்.

அப்படிப்பட்ட என்னை 2023-ல் உயிரியல் படிக்க வைத்தது ஒரு ஜோடி செருப்பு!

அந்த வருடப் பொங்கலுக்குப் பாளையங்கோட்டை போனபோது அப்பாவுக்கு வாங்கிப் போனேன். நல்ல தோல் செருப்பு. விலையும் நல்ல விலைதான். 'அப்பாவுக்குச் செருப்பு வாங்கியதெல்லாம் ஒரு விஷயமா?' என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம். அப்போது எனக்கும் அப்பாவுக்கும் எட்டு வருடமாக நேரடிப் பேச்சு கிடையாது.

நான் ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, "பத்திரிகைகளுக்கு எழுதப் போகிறேன்" என்று வந்து நின்ற நாளிலிருந்து அப்பாவின் பேச்செல்லாம் அம்மா வழியாகத்தான். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் அடுப்படியைப் பார்த்து, "உம் மவன் சாப்ட்டானான்னு கேளு" என்பார். அம்மா கரண்டியோடு வெளியே வந்து, "சாப்ட்டியாய்யா?" என்பாள். நான் "ஆச்சும்மா" என்பேன். அம்மா அப்பாவிடம், "ஆச்சாம்" என்பாள். மூன்று பேரும் இருப்பது பத்துக்குப் பத்து அறை!

செருப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அம்மா போனில் சொன்னாள்: "கோயிலுக்கு, ரேஷன் கடைக்கு, லைப்ரரிக்கு... எங்க போனாலும் அதத்தான் போட்டுட்டுப் போறாக. ராத்திரி தலைமாட்டுல வெச்சுப் படுக்காததுதான் பாக்கி."

எனக்கு அன்று பூராவும் கால் தரையில் பாவவில்லை.

பிறகு ஏப்ரலில் இன்னொரு போன். இந்த முறை அக்கா. "உடனே கிளம்பி வா. அப்பா கால்ல புண்ணு. விரல் கறுத்துப் போச்சு."

---

அப்பாவுக்கு அப்போது வயது 68. சர்க்கரை நோய் வந்து 19 வருடம். சர்க்கரை பல வருடம் கட்டுப்பாடு இல்லாமல் இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப் போகும். புதுச் செருப்பின் வார், பெருவிரலுக்கு அடுத்த விரலை அறுத்திருக்கிறது. அவருக்கு வலிக்கவே இல்லை. படுக்கை விரிப்பில் கறையைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தாள்.

கண்டுபிடித்த பிறகாவது டாக்டரிடம் போனாரா? அதுதான் இல்லை. மஞ்சள் அரைத்துப் பூசியாயிற்று. எதிர்வீட்டு ஆச்சி சொன்னாள் என்று குப்பைமேனி. ரிட்டயர்டு நண்பர் ஒருவர் வேப்பிலை என்றார், அதுவும். எல்லா இலையும் ஏறி இறங்கிய பிறகு, இரண்டரை மாதப் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

நான் நெல்லை எக்ஸ்பிரஸில் இறங்கி நேராக அங்கேதான் போனேன். அறுவை சிகிச்சை டாக்டர் புண்ணைக் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பார்த்தது புண்ணை அல்ல. கட்டிலுக்கு அடியில் அந்தச் செருப்பு ஒழுங்காக ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைத்தான் பார்த்துக் கொண்டிருந்தேன்.

"நுனி எலும்பு செத்துப் போச்சு. அதை எடுத்துடலாம். மீதி விரல் தங்குமா, பாதம் தங்குமாங்கறது இனிமே சர்க்கரை கையில இருக்கு" என்றார் டாக்டர். "அதுக்கு முன்னாடி புண்ணை நல்லா சுரண்டணும். ரத்தம் வர்ற வரைக்கும்."

"ஆறாத புண்ணை மறுபடியும் புண்ணாக்குவதா?" என்று கேட்டேன்.

"ஆமா. பழைய புண்ணைப் புதுப் புண்ணா மாத்தினாத்தான் ஆறவே ஆரம்பிக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கியது அக்கா பெண். மைக்ரோபயாலஜி எம்.எஸ்ஸி. படித்துக் கொண்டிருந்தாள். வயது 23 ஆனாலும் எங்களுக்கெல்லாம் இன்னும் 'பாப்பா'தான்.

---

ஆஸ்பத்திரி வாசல் டீக்கடை பெஞ்சில் பாப்பா ஆரம்பித்தாள்.

"மாமா, மேக்ரோஃபேஜ் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"ஏதாவது புது போனா?"

தலையில் அடித்துக் கொண்டாள். "கிரேக்கத்துல 'பெரிய தின்னி'ன்னு அர்த்தம்."

"நம்ம ஊர்ல சாப்பாட்டு ராமன்னு சொல்லுவோம்."

"அதேதான். உடம்புக்குள்ள இருக்கற சாப்பாட்டு ராமன். கிருமி, செத்த செல், தூசு எது வந்தாலும் அப்படியே வளைச்சு முழுங்கிடும்."

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. 1882-ம் வருட டிசம்பர். இத்தாலியின் சிசிலித் தீவில் மெஸ்ஸினா என்ற ஊர். இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி அங்கே குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டிலுள்ளவர்கள் எல்லாம் வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்க சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் மைக்ராஸ்கோப்பும் கையுமாக வீட்டில். (எந்த நாடாக இருந்தாலும் சில ஆண்பிள்ளைகள் இப்படித்தான்!) நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே செல்கள் ஊர்ந்து போவது அப்படியே தெரியும். அதைப் பார்த்துக் கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஒரு பொறி. 'இந்த ஊரும் செல்கள்தான் உடம்பின் காவல்காரர்களோ?' தோட்டத்துக்கு ஓடினார். முள்ளைப் பறித்து வந்து அந்தக் குஞ்சின் தோலுக்கடியில் குத்தி வைத்தார். ராத்திரி பூராவும் தூக்கமில்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி அந்தச் செல்கள் கூட்டமாக மொய்த்து நிற்கின்றன!

1908-ல் அவருக்கும் பால் எர்லிக் என்ற ஜெர்மானியருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். இதே மெச்னிகோவ், பிற்காலத்தில் பாரிஸில் உட்கார்ந்து கொண்டு, 'புளித்த பால் சாப்பிடுங்கள், ஆயுள் நீளும்' என்று சொல்ல ஆரம்பித்தார். தயிர்சாதக்காரர்களான நமக்கு இது ஒரு கௌரவம் இல்லையா?

---

"சரி, தாத்தா விரலுக்கு வா" என்றேன்.

பாப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "காயம் பட்டா முதல்ல ரத்தம் உறையும். சில மணி நேரத்துல நியூட்ரோஃபில்னு ஒரு படை வந்து கிருமியோட மோதும். ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துப் போகும். நாம சீழ்னு சொல்றோமே, அதுல முக்கால்வாசி இவங்க பிணம்தான். அடுத்து ரத்தத்துல இருந்து மேக்ரோஃபேஜ் வந்து சேரும். வந்த புதுசுல ரவுடி மாதிரி. விஷத்தைக் கக்கும், கிருமியை முழுங்கும், 'இன்னும் ஆள் அனுப்பு'ன்னு சத்தம் போடும். வீக்கம், சூடு, சிவப்பு எல்லாம் அந்தச் சண்டைதான்."

"அப்புறம்?"

"செத்த படையை முழுங்க ஆரம்பிக்கும். இங்கதான் மாமா அதிசயம். அந்தச் சாப்பாடே அதுக்குச் சேதி. 'சண்டை முடிஞ்சுது, கட்டட வேலையைப் பாரு'ன்னு. அதே ரவுடி மேஸ்திரியா மாறிடும்! புது ரத்தக் குழாய் வரவழைக்கும். சதை நெய்யற செல்லைக் கூப்பிடும். ஆள் மாறலை, வேஷம்தான் மாறுது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எதிலும் வவுச்சர் கேட்கும் ஜாதி நான். பாப்பா வவுச்சரும் கொடுத்தாள்.

அர்ஜினைன் என்று ஓர் அமினோ அமிலம். ரவுடி மேக்ரோஃபேஜ் அதை எடுத்து நைட்ரிக் ஆக்ஸைடு செய்யும், கிருமியைக் கொல்ல. மேஸ்திரி மேக்ரோஃபேஜும் அதே அர்ஜினைனைத்தான் எடுக்கும். ஆனால் அதை ஆர்னித்தின் ஆக்கும். அது சதை வளரவும், கொலாஜன் என்ற நார் செய்யவும் உதவும். எங்கள் பாஷையில் சொன்னால், கையிருப்பு ஒன்றுதான். அதை 'போர்ச் செலவு' என்று எழுதுவதா, 'கட்டடச் செலவு' என்று எழுதுவதா என்பதில்தான் விரலின் தலையெழுத்தே இருக்கிறது!

"2000-ல் சார்லஸ் மில்ஸ்ங்கறவரும் அவரோட சகாக்களும் இதுக்கு எம்-1, எம்-2ன்னு பேர் வெச்சாங்க" என்றாள்.

"ஆக, எம்-1 வில்லன், எம்-2 ஹீரோ."

"அவசரப்படாதீங்க" என்று கையை உயர்த்தினாள். "எம்-1 வரலைன்னா தாத்தா கிருமியிலேயே போயிருப்பாரு. எம்-2 அளவுக்கு மேல வேலை செஞ்சா நுரையீரல், கல்லீரல்ல எல்லாம் தழும்பு கட்டி இறுகிப் போயிடும். புற்றுநோய்க் கட்டி என்ன செய்யும் தெரியுமா? 'நான் ஒரு ஆறாத காயம், வந்து ஆத்து'ன்னு மேக்ரோஃபேஜை ஏமாத்தும். இதுவும் பாவம், போய் ரத்தக் குழாய் போட்டுக் கொடுத்துக் கட்டியை வளர்த்து விடும். அதுவுமில்லாம எம்-1, எம்-2ங்கறது பாடம் நடத்தத்தான் சுலபம். நிஜத்துல ரெண்டுக்கும் நடுவுல எத்தனையோ நிலை."

"சரி, தாத்தாவுக்கு என்ன ஆச்சு?"

"சர்க்கரை ஏறிப் போன உடம்புல ரத்த ஓட்டமும் குறைவு. அதோட இந்த மேக்ரோஃபேஜ் சரியா வேஷம் மாறாது. சண்டை போடற நிலைமையிலேயே மாசக்கணக்கா நிக்கும். கிருமி இருக்கோ இல்லையோ கத்தியைக் கீழ போடாது. பக்கத்துல இருக்கற நல்ல சதையையும் அரிச்சுக்கிட்டே இருக்கும். அதான் டாக்டர் சுரண்டறாரு. பழைய கலாட்டாவைச் செத்த சதையோட வழிச்சுப் போட்டுட்டு, முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிக்க வைக்கறாரு."

எனக்குச் சுருக்கென்றது. பாப்பா விரலைப் பற்றித்தான் பேசினாள். எட்டு வருடமாகக் கத்தியைக் கீழே போடாத இரண்டு பேரைப் பற்றி அல்ல.

---

நுனி எலும்பை எடுத்தார்கள். சுரண்டினார்கள். ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக் கொள்ளும் அப்பாவை அம்மா ஒரே வார்த்தையில் இன்சுலினுக்குச் சம்மதிக்க வைத்தாள். அந்த வார்த்தை என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. (கல்யாணமான ஆண்கள் ஊகித்துக் கொள்ளலாம்.)

வீட்டுக்கு வந்த பிறகு டிரெஸ்ஸிங் என் டிபார்ட்மெண்ட். லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு வந்து பாளையங்கோட்டையிலேயே தங்கிவிட்டேன். எழுதுகிற தொழிலில் இருக்கும் ஒரே சௌகரியம் இது. எங்கே உட்கார்ந்தாலும் சம்பாத்தியம் குறைவுதான்! நர்ஸ் வந்து சொல்லிக் கொடுத்தபடி தினமும் காலையில் கட்டைப் பிரித்து, உப்பு நீரில் கழுவி, மறுபடி கட்டுவேன். அப்பா விட்டத்தைப் பார்த்துக் கொண்டு படுத்திருப்பார். நான் விரலைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேச்சு கிடையாது. ஆனால் எட்டு வருடத்தில் நான் அவரைத் தொட்டது அப்போதுதான்.

ராத்திரியில் பாப்பா அனுப்பிய பாடங்களைப் படிப்பேன். இந்தச் சாப்பாட்டு ராமனுக்கு இருக்கும் வேலைகளைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். ரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள்தான் வாழும். கிழடான சிவப்பணுவை மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கும் மேக்ரோஃபேஜ்கள் முழுங்கி, அதிலுள்ள இரும்பைப் பிரித்துத் திருப்பிக் கொடுத்துவிடும். சுத்தமான காயலான் கடை! நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக் கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம் இரும்புதான். இந்தக் காயலான் கடையிலிருந்து வருவது 20 முதல் 25 மில்லிகிராம். பேலன்ஸ் ஷீட் தேறுவதே இதனால்தான்.

நுரையீரலில் தூசு பொறுக்குகிறது. மூளையில் இருப்பதற்கு மைக்ரோகிளியா என்று பெயர். எலும்பைக் கரைத்துச் சீர் செய்யும் செல்களும் இதே குலம்தான். சிலது நாம் தாய் வயிற்றில் கருவாக இருக்கும்போதே அந்தந்த உறுப்பில் வந்து குடியேறியவை. பரம்பரைச் சொந்த வீட்டுக்காரர்கள். சிலது தேவைப்படும்போது ரத்தத்திலிருந்து வந்து சேருபவை, வாடகைக்கு வந்தவர்கள்.

இவ்வளவு நல்ல பிள்ளை சில இடங்களில் ஏமாந்தும் போகிறது. ரத்தக் குழாய்ச் சுவரில் படியும் கெட்ட கொழுப்பை 'குப்பைதானே' என்று முழுங்குகிறது. முழுங்கி முழுங்கி நுரை மாதிரி ஊதிப் போய் நகர முடியாமல் அங்கேயே கிடக்கிறது. மாரடைப்புக்கு அஸ்திவாரம் அதுதான். காசநோய்க் கிருமியின் சாமர்த்தியமோ இன்னும் ஒரு படி மேலே. மேக்ரோஃபேஜ் அதை முழுங்கும். அமிலப் பையோடு சேர்த்து ஜீரணிக்கப் பார்க்கும். கிருமி அந்தப் பை வந்து சேராமல் தடுத்து, முழுங்கினவன் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் போட்டுவிடும்! இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ராபர்ட் கோக் பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்தது 1882 மார்ச் 24. மெச்னிகோவ் முள் குத்தியது அதே வருட டிசம்பர். திருடனையும் போலீசையும் ஒரே வருடத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். திருடன் போலீஸ் வீட்டிலேயே குடியிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

---

ஐந்தாவது வாரம். கட்டைப் பிரித்தேன். புண்ணின் அடியில் மஞ்சளாக, வழவழவென்று இருந்தது போய், மாதுளை முத்து மாதிரி சிவப்பாகப் புடைப்புப் புடைப்பாக ஏதோ. எனக்குக் கை நடுங்கியது. போட்டோ எடுத்துப் பாப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"மாமா! புது ரத்தக் குழாய்! மேஸ்திரி வந்தாச்சு!"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். விட்டத்தைப் பார்த்துக் கொண்டிருந்த அப்பா தலையைத் திருப்பினார்.

"என்னல சொல்லுதா அவ?"

அம்மா அடுப்படியில் இருந்தாள். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. அப்படியானால்... கேள்வி எனக்குத்தான்!

தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். மெஸ்ஸினா, முள், ரவுடி, மேஸ்திரி, அர்ஜினைன் எல்லாம். நாற்பது வருடம் அரசாங்கக் கணக்கெழுதிய ஹெட் கிளார்க் அவர். 'கையிருப்பு ஒன்று, செலவுத் தலைப்பு வேறு' என்ற இடத்தில் மட்டும் கண் மூடித் தலையாட்டினார். கடைசியில், "எல்லாம் அந்தச் செருப்பால வந்தது. நான்தான் அளவு பார்க்காம..." என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"ரத்தம் வந்தத ரெண்டாம் நாளே நான் பாத்துட்டேம்ல. உங்க அம்மைக்குத்தான் பிந்தித் தெரிஞ்சுது."

"பிறகு ஏம்ப்பா கழட்டலை?"

"எழுதிச் சம்பாதிச்ச காசுல வாங்கியாந்ததுன்னு அவ சொன்னா. கழட்டிப் போட்டா நீ வேற மாதிரில்லா நெனப்ப."

நான் குனிந்து கட்டுத் துணியைச் சுற்றினேன். கண்ணில் தண்ணீர் வந்தால் டிரெஸ்ஸிங் நனைந்துவிடும், கிருமி ஏறிவிடும் என்று நர்ஸ் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் முகத்தைத் திருப்பிக் கொண்டேன்.

நான்தான் அவர் இன்னும் சண்டையில் நிற்கிறார் என்று நினைத்துக் கொண்டிருந்திருக்கிறேன். அவர் எப்போதோ மாறியிருக்கிறார். சேதி சொல்லத்தான் தெரியவில்லை. அதை அவர் கால் வழியாகச் சொல்லப் போய்தான் இத்தனை வினையும்!

---

புண் முழுசாக மூட ஆகஸ்ட் ஆகிவிட்டது. 11.2 இருந்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.1-க்கு வந்தது. விரல் இருக்கிறது, நுனி மட்டும் இல்லை. "ஒம்பதே முக்கால் விரல்" என்பார் அப்பா. இப்போது எம்.சி.ஆர். செருப்புதான் போடுகிறார், மரத்துப் போன காலுக்கென்றே மெத்தென்ற ரப்பரில் செய்வது. தினமும் ராத்திரி அம்மா அவர் பாதத்தைத் திருப்பித் திருப்பி டார்ச் அடித்துப் பார்க்கிறாள். உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் யாராவது இருந்தால் தயவுசெய்து நீங்களும் பாருங்கள். வலிக்கவில்லை என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். வலிக்காததுதான் வியாதியே.

பழைய செருப்பைத் தூக்கிப் போடச் சொன்னேன். அம்மா, "நீயே கேட்டுக்க, என்னைய விடுங்கப்பா" என்று தபால்காரி வேலையை ராஜினாமா செய்துவிட்டாள். கேட்டேன். "பரண்ல கெடந்துட்டுப் போட்டும்" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் போனில் அவருக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். மெஸ்ஸினா, மெச்னிகோவ் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாப்பாவிடம் ஒரு தடவை சரிபார்த்துக் கொள்ளச் சொன்னார். பிறகு, எட்டு வருடம் அம்மா வழியாகக்கூடக் கேட்காத அந்தக் கேள்வியை நேரடியாகவே கேட்டுவிட்டார்:

"இதுக்கு எவ்வளவுல தருவாக?"

சொன்னேன்.

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "அம்மைகிட்ட போனைக் குடுக்கேன்" என்றார்.